கலைச்சொல்: ஆசிரியர் கூட்டுத்தலைமைப் பள்ளி, பணிவழிக் கற்றல்

> ஆசிரியர் கூட்டாட்சிப் பள்ளி. தொடர் தொழில்முறைப் பயிற்சி

வணக்கம் ஐயா,

நம் கையேட்டுக்கு நீங்கள் சொன்ன இரண்டு கலைச்சொற்களையும் பார்த்தேன். முதலாவதில் 'கூட்டாட்சி' வேண்டாம். தில்லியில் அந்தச் சொல்லைக் கேட்டால் மத்திய மாநில உறவுதான் நினைவுக்கு வரும். நாம் பெயர் தேடும் ஏற்பாடு வேறு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1994இல் தொடங்கிய நியூ கன்ட்ரி பள்ளியில் தலைமையாசிரியர் என்று ஒருவர் இல்லை. வரவு செலவு முதல் புதிய ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது வரை ஆசிரியர்களே கூடி முடிவெடுக்கிறார்கள். ஆகவே 'ஆசிரியர் கூட்டுத்தலைமைப் பள்ளி'. 'ஆசிரியர் நடத்தும் பள்ளி' எளிமைதான்; ஆனால் ஓய்வுபெற்ற வாத்தியார் சொந்தமாக நடத்தும் பள்ளி என்றும் பொருள்படும்.

என் கவலையெல்லாம் இரண்டாவது சொல்லான 'தொடர் தொழில்முறைப் பயிற்சி'யில்தான். 'பயிற்சி' என்றாலே பயிற்சி தர வரும் கருத்தாளர் பேசுவார், நாம் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் இதற்கு ஒதுக்கச் சொல்கிறது. அந்த 50 மணியும் இப்படியே கழியலாமா? கூட்டுத்தலைமைப் பள்ளியில் கற்க வேண்டியதே வேறு. பள்ளிக் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். உடன் வேலைசெய்பவரின் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, கண்ட குறையை அவரிடமே சொல்ல வேண்டும். தான் எதிர்த்த முடிவு நிறைவேறிவிட்டால் அதையும் மனதார நடத்திக் காட்ட வேண்டும். வெளியாள் வந்து இரண்டு நாளில் இதைச் சொல்லித்தர முடியாது. எனவே 'பணிவழிக் கற்றல்'. 'பணியிடைப் பயிற்சி' துறை அனுப்பும் பயிற்சிக்கே இருக்கட்டும்.

—

> பணிவழிக் கற்றல்

சார், கூட்டுத்தலைமை சரி. ஆனால் தனியாள் வேலைசெய்து கற்பதும் பணிவழிக் கற்றல்தானே? ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் மாணவர்களைக் கவனிப்பார்கள். அப்புறம் உட்கார்ந்து பேசுவார்கள். இங்கே தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளித் தமிழாசிரியர்களும் அப்படிக் கூடினால் அதற்கும் சொல் பொருந்த வேண்டும். 'பணிவழிக் கூட்டுக்கற்றல்' என்றால்? பேச்சில் 'கூட்டுக்கற்றல்' என்று சுருங்கிவிடும்.

—

அம்மா, 'கூட்டு' வேண்டும் என்பது நியாயம், ஏற்கிறேன். சுருக்குவது மட்டும் வேண்டாம். மாணவர்கள் குழுவாகப் படிப்பதையும் கூட்டுக்கற்றல் என்கிறோம். கையேட்டில் 'பணிவழிக் கூட்டுக்கற்றல்' என்று முழுசாகவே போடுகிறேன். சக ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து பார்ப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். 'பார்வையிடல்' கூடாது, அதிகாரி வந்த மாதிரி இருக்கிறது. 'உடனமர்வு' சரியாக வருமா?