ரோமில் நண்பர்களோடு மூன்று நாள்: எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போகத்தான் வேண்டுமா?

அந்திவெயில்:

கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஆறு பேர் வரும் ஏப்ரலில் ரோமுக்குப் போகிறோம். திட்டமிடும் பொறுப்பை ஏற்ற நண்பர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். முதல் நாள் கொலோசியம், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரம், பாலட்டைன் குன்று, மாலையில் த்ரேவி நீரூற்று. இரண்டாம் நாள் வத்திக்கான் அருங்காட்சியகமும் புனித பேதுரு பேராலயமும். மூன்றாம் நாள் போர்கேசே கலைக்கூடம், பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில், நவோனா சதுக்கம். பட்டியலில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அதன் அடியில் அவர் எழுதியிருக்கும் விதிதான் உறுத்துகிறது: ஆறு பேரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும், இடையில் யாரும் பிரியக் கூடாது.

எங்களில் ஒருத்திக்கு ஓவியம் என்றால் உயிர். இருவருக்கு ஓவியமும் தேவாலயமும் அலுப்பு. சந்தையும் தெருவும் போதும். இன்னொருத்திக்கு முழங்கால் வலி. இப்படிப்பட்ட ஆறு பேரை ஒரே வேகத்தில் நடக்க வைப்பது யாருக்கும் நிறைவு தராது என்று நினைக்கிறேன். காலை உணவு சேர்ந்து, பகல் அவரவர் விருப்பப்படி, இரவு உணவுக்கு மீண்டும் கூடுவது என்பதே என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.

கல்தச்சன்:

நான் அந்த விதியை எழுதிய நண்பரின் பக்கம். பகல் முழுவதும் பிரிந்திருந்து இரவில் சந்திப்பதற்கு ஆறு பேராகப் போவானேன்? ஒரே விடுதியில் தங்குவதை மட்டும் நண்பர்களோடு செய்த பயணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரோமன் ஃபோரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகிறவருக்கு அது வெயிலில் கிடக்கும் உடைந்த தூண்களின் வெளி. பெரும்பாலோர் அரை மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறார்கள். நான் நண்பர்களோடு போனபோது, எங்களில் ஒருவர் அந்தோனினஸ்–ஃபவுஸ்டினா கோயிலின் முன்னால் எல்லோரையும் நிறுத்தினார். பழைய ரோமானியத் தூண்களுக்குப் பின்னால் ஒரு தேவாலயத்தின் கதவு, படிகளுக்கு எட்டாத உயரத்தில், அந்தரத்தில் தொங்குவதுபோல் இருக்கிறது. கதவு ஏன் அவ்வளவு மேலே இருக்கிறது என்று அவர் கேட்க, ஆளுக்கொரு விடை சொன்னோம். அந்தக் கதவு வைக்கப்பட்ட காலத்தில் தரைமட்டமே அங்கேதான் இருந்தது, நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மண்ணில் ஃபோரம் புதைந்து கிடந்தது, பிற்பாடு அகழ்ந்தபோதுதான் தரை கீழே இறங்கியது என்பதைப் பேசிப் பேசியே கண்டுகொண்டோம். அதற்குப் பிறகு டைட்டஸ் வெற்றி வளைவில், கி.பி. 70இல் எருசலேம் கோயிலிலிருந்து கொள்ளையிட்ட ஏழு கிளை விளக்கைப் படைவீரர்கள் தூக்கி வரும் சிற்பத்தைப் பார்த்தபோது, எவரும் யாரையும் நிறுத்தத் தேவையிருக்கவில்லை. எல்லோரும் தாமாகவே நின்றோம். தனியாகப் போயிருந்தால் இரண்டையும் கடந்து போயிருப்பேன்.

இன்னொன்றும் உண்டு. விருப்பப்படி பிரிந்தால், சந்தை பிடித்தவர் சந்தையையும் ஓவியம் பிடித்தவர் ஓவியத்தையும் மட்டுமே பார்ப்பார்கள். தமக்கு ஏற்கெனவே பிடித்ததைத் தவிர வேறெதுவும் ஒருவருக்கும் பழகப் போவதில்லை.

நெய்தல்:

கல்தச்சன் அவர்கள் சொன்ன ஃபோரம் அனுபவத்தை மறுக்க மாட்டேன். ஆனால் அது பேசிக்கொண்டே நடக்கத்தக்க திறந்த வெளி. போர்கேசே கலைக்கூடம் அப்படிப்பட்ட இடம் இல்லை.

அங்கே முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது. நுழைந்தால் இரண்டு மணி நேரம்தான் தருவார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் சிற்பி பெர்னினியின் நான்கு பெரும் சிற்பங்கள், ஓவியர் கரவாஜியோவின் ஆறு ஓவியங்கள், மாடியில் ரஃபேல், டிஷியன் ஆகியோரின் ஓவியங்கள். பெர்னினியின் ‘அப்பல்லோவும் தாஃப்னேயும்’ சிற்பத்தை ஒரு பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு நகர முடியாது. தன்னைத் துரத்தும் அப்பல்லோவிடமிருந்து தப்ப மரமாக மாறும் பெண் தாஃப்னே. ஒரு பக்கத்தில் துரத்தல் மட்டுமே தெரியும். மெல்லச் சுற்றி வரும்போதுதான் அவள் விரல் நுனிகளில் இலைகள் விரிவதும், கால் விரல்கள் வேராகித் தரைக்குள் இறங்குவதும், உடலை மரப்பட்டை மூடத் தொடங்குவதும் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். அவளுக்கு அரை மணி நேரம் கொடுத்தாலும் தகும். ஆறு பேர் குழுவில், அதுவும் இருவருக்கு இதில் நாட்டமே இல்லாதபோது, யாராவது அடுத்த அறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. காத்திருக்கிறார் என்று தெரிந்தாலே பார்ப்பவரின் கண் சிற்பத்தில் நிலைக்காது.

சான் லூயிஜி தேய் ஃப்ரான்சேசி தேவாலயத்திலும் இதுவே நடக்கும். நவோனா சதுக்கத்துக்கு அருகில், கட்டணமில்லாமல், கரவாஜியோவின் மத்தேயு ஓவியங்கள் மூன்றும் அங்கே ஒரே சிற்றாலயத்தில் இருக்கின்றன. மத்தேயுவை இயேசு அழைக்கும் ஓவியத்தில், இருண்ட அறைக்குள் சாய்வாக விழும் ஒளியையும் அதே திசையில் நீளும் கையையும் பார்க்கக் கொஞ்சம் அமைதி வேண்டும். அலுப்போடு உடன் வருகிறவருக்கு அந்த ஓவியம் பழகிவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. கட்டாயத்தின் பேரில் பார்த்ததாலேயே அதன் மீது அவருக்கு வெறுப்பு வரவும் கூடும்.

வழித்துணை:

ரோமில் சில ஆண்டுகளாக வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் நண்பர் குழுக்களோடு சுற்றுவது எனக்கு வழக்கம் என்பதால், இருவரும் தொடாத சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, சேர்வதா பிரிவதா என்பதில் பாதி நுழைவுச்சீட்டு வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. கொலோசியத்துக்குள் நுழைய நேரம் குறித்த சீட்டு வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து அதில் பெயரும் இருக்கும், வாசலில் கடவுச்சீட்டைக் காட்டச் சொல்வார்கள். ஆகவே ஒருவர் சீட்டை இன்னொருவர் கடைசி நேரத்தில் பயன்படுத்த முடியாது. அதே சீட்டில் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அடக்கம். ஏப்ரலில் ஒரே நேரத்துக்கு ஆறு சீட்டு கிடைப்பது எளிதல்ல. விவாதத்தை நீட்டாமல் விரைவாகப் பதிவு செய்யுங்கள். போர்கேசே திங்கட்கிழமையும், வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளிலும் மூடியிருக்கும். புதன்கிழமை காலை புனித பேதுரு சதுக்கத்தில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடந்தால், பேராலயத்துக்குள் போக நண்பகல் தாண்டிவிடும். உங்கள் மூன்று நாள் எந்தக் கிழமைகளில் விழுகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, நான் கண்ட வரையில் குழுவைப் பிரிப்பது ரசனை வேறுபாட்டைவிடக் கால்வலியும் பசியும்தான். பாந்தியனையும் நவோனாவையும் சுற்றிய பழைய நகரத்தின் நடுவில் மெட்ரோ நிலையம் கிடையாது. பேருந்தில் இறங்கி நடக்கத்தான் வேண்டும். அந்தத் தெருக்களில் பதித்திருக்கும் சிறு கருங்கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவருக்குச் சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் நடப்பதும் இந்தக் கல்லில் ஒரு கிலோமீட்டர் நடப்பதும் ஒன்றல்ல. சைவ உணவுக்காரர் குழுவில் இருந்தால் இன்னொரு சிக்கல்: ரோமுக்கே உரிய, பாலாடைக்கட்டியும் மிளகும் சேர்ந்த ‘காசியோ எ பெப்பே’ பாஸ்தாவைச் சைவம் என்று பரிந்துரைப்பார்கள். அதில் சேரும் பெக்கோரினோ ரொமானோ கட்டி ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுவது. கண்டிப்பான சைவர் அதைத் தவிர்ப்பார். இதெல்லாம் தெரியாமல் மதியம் இரண்டு மணிக்குப் பசியோடு தெருவில் ஆறு பேரும் உணவகம் தேடும்போதுதான் சண்டை வருகிறது.

மூன்றாவது, பிரிந்தால் எங்கே கூடுவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். த்ரேவியில் கூடலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவரையும் காண முடியாது. நவோனா சதுக்கத்தில் பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்று நல்ல இடம். நடுவில் உயர்ந்த தூண் இருப்பதால் சதுக்கத்தின் எந்த மூலையிலிருந்தும் தெரியும். நைல், டான்யூப், ரியோ தெ லா பிளாட்டா ஆகிய நதிகளின் சிலைகளோடு நம் கங்கையும் கையில் துடுப்போடு அங்கே சிலையாக அமர்ந்திருக்கிறது. கங்கையின் பக்கம் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டால் யாரும் தவறவிட மாட்டார்கள்.

கல்தச்சன்:

வழித்துணை அவர்களுக்கு நன்றி. ஆனால் அவர் சொன்ன முழங்கால் விஷயம் என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது என்று கருதுகிறேன். அவரவர் விருப்பம் என்று சொல்லிவிட்டால், விருப்பத்தை உரக்கச் சொல்லத் தெரிந்தவர்கள் தங்கள் வழியில் போய்விடுவார்கள். மெதுவாக நடக்கிறவரும், கையில் பணம் குறைவாக உள்ளவரும், அந்நிய ஊரில் வழி கேட்கத் தயங்குகிறவரும் என்ன செய்வார்கள்? யாரோ ஒருவர் மனமில்லாமல் அவரோடு தங்குவார். இல்லாவிட்டால் அவர் விடுதி அறையில் இருந்துகொள்வதாகச் சொல்லிவிடுவார். பேராலயத்தின் கும்மட்டத்துக்கு 551 படிகள். மின்தூக்கியில் போனாலும் மீதம் 320 படிகளை ஏறத்தான் வேண்டும். எங்கள் குழுவில் ஒருவரால் ஏற முடியாது என்று தெரிந்தபோது யாருமே ஏறவில்லை. அந்த நேரத்தைக் கீழே, மைக்கலாஞ்சலோவின் ‘பியெத்தா’ முன் செலவிட்டோம். மகனின் உடலை மடியில் தாங்கிய அந்தத் தாயை, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்தாலும், வேறு எந்தச் சூழலிலும் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டோம். சேர்ந்து போகும் விதி பலவீனமானவருக்கான பாதுகாப்பு என்பதே என் வாதத்தின் மையம்.

நெய்தல்:

அந்த விதி அவரைப் பாதுகாக்கும் என்பதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். முழங்கால் வலி உள்ள தோழியின் இடத்தில் நின்று பாருங்கள். தன்னால் ஐந்து பேர் கும்மட்டத்துக்கு ஏறாமல் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், அவருக்கு அந்த இடத்தில் நிம்மதி இருக்குமா? பெரும்பாலான பெண்கள் இந்தச் சூழலில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்: வலியை வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே நடப்பார்கள். பிரியக் கூடாது என்ற விதி இருக்கும் குழுவில், எனக்கு முடியவில்லை என்று சொல்வது எல்லோருடைய நாளையும் கெடுப்பதாகிவிடுகிறது. பிரிவது இயல்பு என்று முன்பே பேசிவைத்த குழுவில்தான் அவர் கூச்சமில்லாமல், “நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள், நான் சதுக்கத்தில் அமர்ந்திருக்கிறேன்” என்று சொல்ல முடியும்.

பியெத்தாவை நீங்கள் அனைவரும் நெடுநேரம் பார்த்தது நல்ல தற்செயல். அந்தத் தற்செயலை எல்லோருக்குமான விதியாக்க வேண்டாம் என்கிறேன்.

மருதநிலம்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தோழிகளோடு பயணம் போவது எனக்குப் பழக்கம். இருவருமே பகலைப் பற்றிப் பேசுகிறீர்கள். பிரிந்து சுற்றும் குழுவுக்கு உண்மையான தொல்லை மாலையில்தான். கடைசியாக வர வேண்டியவர் வரவில்லை, கைப்பேசியில் மின்னேற்றம் இல்லை என்றால், மற்ற ஐந்து பேரும் தவித்துப் போவார்கள். டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்து பிக்பாக்கெட் திருடர்களுக்குப் பெயர் போனது. அந்தத் தடத்தில் ஒருவர் தனியாகப் போவதைவிட இருவராகப் போவது நல்லது. ஆகவே பிரிந்தாலும் யாரும் தனியாகப் போக வேண்டாம், இருவர் இருவராகப் பிரியுங்கள் என்பது என் கருத்து. கல்தச்சன் தம்பி கவலைப்படுகிற அந்த மெதுவாக நடப்பவருக்கும் இதனால் துணை கிடைக்கும். யார் யாரோடு என்பதை ஒவ்வொரு நாளும் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் குழு உடைந்து மூன்று குழுக்கள் ஊர் திரும்பும்.

அந்திவெயில்:

எல்லோருக்கும் நன்றி. இந்த உரையாடலின் பெரும்பகுதியை எங்கள் குழுவில் பகிர்ந்தேன். முதல் நாள் ஃபோரத்தில் பிரியக் கூடாது என்பதைக் கல்தச்சன் அவர்களின் கதவுக் கதைக்காகவே ஏற்றுக்கொண்டேன். எங்களில் யாரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. போர்கேசேக்கு மூன்று பேர் மட்டும் பதிவு செய்திருக்கிறோம். மற்ற மூவரும் அந்த நேரத்தில் டெஸ்டாச்சோ சந்தைக்குப் போகிறார்கள். முழங்கால் வலி உள்ள தோழியும் அந்த மூவரில் ஒருத்தியாகப் போக விரும்புகிறாள்; இருவர் இருவராகப் பிரிவது அந்த ஒரு வேளையில் அமையவில்லை, மற்ற நேரங்களில் மருதநிலம் அம்மா சொன்னபடி செய்வோம். திட்டமிட்ட நண்பர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். கும்மட்டம் பற்றி இன்னும் முடிவாகவில்லை. பாந்தியனையும் அவரவர் வசதிப்படி பார்க்கலாம் என்று விட்டிருக்கிறோம்.

கல்தச்சன்:

போர்கேசேயை விட்டுக்கொடுக்கிறேன். பாந்தியனை மட்டும் அப்படி விடாதீர்கள். தரையிலிருந்து உச்சி வரை 43.3 மீட்டர், கும்மட்டத்தின் விட்டமும் அதே 43.3 மீட்டர், உள்ளே ஒரு முழுக் கோளம் அடங்கும். உச்சியில் கூரையில்லாத வட்டத் திறப்பு, அதன் வழியே இறங்கும் வெயில் சுவரில் நகர்ந்துகொண்டே இருக்கும். மழை பெய்தால் உள்ளேயே பெய்யும், அந்த நீர் வடியத் தரையில் துளைகள் உண்டு. பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் கம்பியில்லாத கான்கிரீட்டால் எழுப்பியது இன்றும் நிற்கிறது. கழுத்து வலிக்க மேலே பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தும்போது பக்கத்தில் ஒரு நண்பர் இருக்க வேண்டும்.

நெய்தல்:

அந்த இடத்தில் பக்கத்தில் யாரும் பேசாமல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்; ஆகவே இதிலும் நான் உடன்படவில்லை. இருந்தாலும் ஆறு பேரும் சேர்ந்து போவதென்று முடிவானால், சீட்டை முன்னதாகவே பதிவு செய்துவிட்டு, திறந்தவுடன் காலையில் போங்கள். ஒருவருக்கொருவர் பத்து நிமிடம் விலகி நிற்க உள்ளே இடம் இருக்கும்.