பாட்டையா வீட்டுக் குழு: சேனை வைப்பது யார்?

வியாழக்கிழமை

பிரபு, காலை 4:52
பவித்ராவுக்குப் பெண் குழந்தை. 4:31க்குப் பிறந்தது. 2 கிலோ 900. ஆபரேஷன்தான். இருவரும் நலம்

கார்த்தி அண்ணன், 4:53
மகாலட்சுமி வந்துவிட்டாள்!

தமிழ்ச்செல்வி மதினி, 4:55
அப்பாடா. ஜீப்புக்கு நிற்கிறேன். மாலை நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்

பெரிய மாமா, 4:58
[படம்: ரோஜாப்பூ, காலை வணக்கம்]

அம்மா, 5:03
[குரல் செய்தி, 1:47]

பிரபு, 5:05
அம்மா சொன்னதன் சுருக்கம்: முருகேசன் மாமா வந்து சேனை வைக்கும் வரை, அதாவது முதல் இனிப்பை நாக்கில் தொட்டு வைக்கும் வரை, பிள்ளை வாயில் எதுவும் படக்கூடாது. வைப்பவர் குணம்தான் பிள்ளைக்கு வருமாம். அம்மாச்சி உத்தரவு. மாமா, எங்கே வருகிறீர்கள்?

முருகேசன் மாமா, 5:08
அணக்கரையில் இருந்து கிளம்பிவிட்டேன்

செண்பகம் பெரியம்மா, 5:09
என்னது? இன்னும் பால் கொடுக்கவில்லையா?

செண்பகம் பெரியம்மா, 5:09
பிரபு, போனை எடு

செண்பகம் பெரியம்மா, 5:10
எடு

கார்த்தி அண்ணன், 5:12
போச்சு. அம்மா எழுத ஆரம்பித்துவிட்டார்

செண்பகம் பெரியம்மா, 5:17
பிரபு எடுக்கவில்லை, ஆகவே எல்லாரும் படியுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் குழந்தை நன்றாக விழித்திருக்கும், சப்பும் வேகமும் இருக்கும். பிறகு அசந்து தூங்கிவிடும், எழுப்பிக் கொடுப்பது பெரும்பாடு. முதலில் மஞ்சளாக, கெட்டியாக வருவது சீம்பால். அதைக் கெட்ட பால் என்று பீச்சிக் கீழே ஊற்றியது நம் வீட்டிலேயே நடந்திருக்கிறது, யார் என்று சொல்லமாட்டேன். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் இருக்கிறது, வைட்டமின் ஏ இருக்கிறது, பிள்ளையின் முதல் கருமலம், அந்தக் காட்டுப்பீ வெளியேற வேறு மருந்தே வேண்டாம். ஆபரேஷன் என்றால் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதுகில் ஊசி போட்டுத்தான் செய்திருப்பார்கள், பவித்ரா விழித்துத்தான் இருப்பாள். சட்டை இல்லாமல் குழந்தையை அவள் நெஞ்சில் படுக்க வைத்தால் அதுவே தேடும். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், கழுதைப்பால் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம்

கார்த்தி அண்ணன், 5:18
அம்மா, பத்தி பிரித்து எழுதலாம்

ஷீபா அத்தை, 5:20
எங்கள் கேரளப் பக்கம் சர்க்கரை கிடையாது சேச்சி. தேனில் வயம்பும் (வசம்பு) பொன்னும் உரைத்து நாக்கில் தொடுவோம். என் வீட்டுக்காரர் மோதிரம் எடுத்துக்கொண்டுதான் வருகிறார்

செண்பகம் பெரியம்மா, 5:22
தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது ஷீபா. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். தசையெல்லாம் தளர்ந்துவிடும். அரிதுதான், ஆனால் வந்தால் மூச்சுக்கே ஆபத்து

ஷீபா அத்தை, 5:22
எனக்கும் தொட்டார்களே

செண்பகம் பெரியம்மா, 5:23
தப்பித்தாய்

முருகேசன் மாமா, 5:26
குமுளி இறக்கத்தில் மரம் விழுந்து வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. திரும்பிக் கம்பம்மெட்டு வழியாகத்தான் வரவேண்டும் போலிருக்கிறது

பெரிய மாமா, 5:27
இவன் எப்போதுமே இப்படித்தான். 2011லும் இதே கதை

முருகேசன் மாமா, 5:28
அண்ணே, 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுக்காக இரண்டு பக்கமும் ரோட்டை மறித்திருந்தார்கள். தமிழ்ச்செல்வி பிள்ளைக்கு நான் எப்படி வந்திருப்பேன்? பறந்தா?

பெரிய மாமா, 5:29
காட்டு வழியாக எத்தனை பேர் இறங்கி வந்தார்கள்

தமிழ்ச்செல்வி மதினி, 5:30
அப்பா, விடுங்கள். கடைசியில் நீங்கள்தானே சேனை வைத்தீர்கள். அதனால்தான் அவன் ஊர் நியாயமெல்லாம் பேசுகிறான்

கார்த்தி அண்ணன், 5:30
😂😂

பிரபு, 5:33
குழந்தை குடிக்கிறது!! நர்ஸ் வந்து அம்மாச்சியை வெளியே அனுப்பிவிட்டு, பவித்ரா நெஞ்சில் போட்டுவிட்டார்

செண்பகம் பெரியம்மா, 5:33
எத்தனை மணிக்கு?

பிரபு, 5:34
5:25 இருக்கும்

செண்பகம் பெரியம்மா, 5:34
மணி நேரம் தாண்டவில்லை. அந்த நர்ஸ் நன்றாக இருக்கவேண்டும்

அம்மா, 5:38
[குரல் செய்தி, 2:20]

பிரபு, 5:41
அம்மாச்சி படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது. காபி வேண்டாமாம். "சேனை வைக்காத பிள்ளை யார் குணத்தில் வளரும்?" என்று கேட்கிறது. தாய்மாமன் நான் பக்கத்திலேயே நிற்கிறேன். என்னை யாரும் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்

கார்த்தி அண்ணன், 5:42
உன் குணம் வந்துவிடக் கூடாது என்றுதான்

பெரிய மாமா, 7:15
புத்தடி ஏலத்தில் நேற்று ஏலக்காய் என்ன விலை போனது?

கார்த்தி அண்ணன், 7:16
மாமா, இது பிரசவச் செய்தி ஓடும் நேரம்

முருகேசன் மாமா, 7:20
போடியை விடக் கொஞ்சம் கூட என்று கேள்வி அண்ணே. கம்பம்மெட்டு வந்துவிட்டேன்

கார்த்தி அண்ணன், 8:02
அம்மா, இந்தக் காலத்தில் யார் சேனை வைக்கிறார்கள்? எல்லாரும் ஆஸ்பத்திரியில்தானே பெறுகிறார்கள்

செண்பகம் பெரியம்மா, 8:14
கேட்டாய் அல்லவா, படி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டின் பிரசவங்களில் நூற்றுக்கு 88க்கு மேல் ஆஸ்பத்திரியில். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கண்ட பிள்ளைகள் நூற்றுக்குச் சுமார் 42தான். ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை எங்கே விட்டார்கள்? ஆபரேஷன் ஒரு காரணம். குழந்தையை வாங்கி வாங்கிப் பார்க்கிற கூட்டம் ஒரு காரணம். நம் ஊரில் கூடுதலாக ஒன்று, சேனை வைக்கிற ஆள் எப்போதும் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பார். நான் கூடலூரில் வேலை பார்த்தபோது, வண்டன்மேட்டில் இருந்து ஜீப் வருகிறது வருகிறது என்று சொல்லிச் சொல்லி, விடிய விடியப் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்துக் கொடுத்த வீடுகள் உண்டு. தாய்க்குத் தெரியாமல் இல்லை. அவளை யாரும் கேட்பதில்லை

முருகேசன் மாமா, 8:20
அக்கா, என்னைச் சொல்வது போலவே இருக்கிறது

செண்பகம் பெரியம்மா, 8:21
உன்னைச் சொல்லவில்லை தம்பி. ரோட்டைச் சொல்கிறேன்

பெரிய மாமா, 8:25
எனக்குக் கழுதைப்பால்தான் கொடுத்தார்கள். எனக்கு என்ன குறை?

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது) கார்த்தி அண்ணன், 8:26

பெரிய மாமா, 8:26
படித்துவிட்டேன் மாப்பிள்ளை

பிரபு, மதியம் 1:10
மாமா வந்துவிட்டார். அம்மாச்சி காபி குடித்துவிட்டது. புதுப் பிரச்சினை: பவித்ராவுக்குப் பால் போதவில்லை என்று சரவணன் மச்சானின் அம்மா பால்பொடி டப்பா வாங்கி வந்திருக்கிறார்கள்

தமிழ்ச்செல்வி மதினி, 1:12
அவர்கள் இந்தக் குழுவில் இல்லையே?

பிரபு, 1:12
இல்லை

தமிழ்ச்செல்வி மதினி, 1:12
நல்லது

செண்பகம் பெரியம்மா, 1:20
முதல் இரண்டு மூன்று நாள் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பிள்ளையின் வயிறு இன்றைக்குச் சிறுநெல்லி அளவு, அதற்கு அதுவே போதும். ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பால் கட்ட இன்னும் கொஞ்சம் தாமதமாகும். சப்பச் சப்பத்தான் சுரக்கும். புட்டியைக் காட்டினால் சப்புவது குறையும், சுரப்பதும் குறையும், பிறகு "பால் இல்லை" என்பது உண்மையாகிவிடும். இரவும் பகலும் சேர்த்து எட்டுத் தடவைக்குக் குறையாமல் கொடுக்கட்டும். எடை கொஞ்சம் இறங்கும், பயப்படாதீர்கள். முதல் வாரம் முடியும்போது ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், டப்பாவைக் கேட்காதீர்கள். 1992 சட்டப்படி அந்த டப்பாவிலேயே தாய்ப்பால்தான் சிறந்தது என்று போட்டிருக்கும், குழந்தைப் படமும் இருக்காது. சம்பந்தி அம்மாவைப் படித்துப் பார்க்கச் சொல்

பிரபு, 1:21
நான் சொல்வதா? பெரியம்மா, நீங்களே வாருங்கள்

அம்மா, 1:30
[குரல் செய்தி, 0:52]

கார்த்தி அண்ணன், 1:33
சித்தி இந்தத் தடவை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். விஷயம் பெரிது

பிரபு, 1:36
டப்பாவைத் திருப்பினால் சம்பந்தி வீட்டில் கோபம் வரும், இப்போதைக்குப் பீரோவில் இருக்கட்டும் என்கிறது அம்மா

செண்பகம் பெரியம்மா, 1:37
பூட்டிச் சாவியை எனக்கு அனுப்பு

செண்பகம் பெரியம்மா, 1:38
பிறப்புப் பதிவுக்குப் பிக்மி எண், கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்தது, கொடுத்தாயா? 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்கும் அதுதான் வேண்டும்

பிரபு, 1:40
மச்சான் கட்டப்பனையில் ஓட்டும் வண்டியில் அட்டையை வைத்துவிட்டாராம். தேடச் சொல்லியிருக்கிறேன்

தமிழ்ச்செல்வி மதினி, மாலை 6:48
பார்த்துவிட்டு வந்தேன். மூக்கு அப்படியே பவித்ரா. அத்தை, ஒன்று கேட்கட்டுமா? ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவள் எப்போது தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போகவேண்டும்?

செண்பகம் பெரியம்மா, 6:50
ஆறு மாதம் கழித்துப் போகட்டும்

தமிழ்ச்செல்வி மதினி, 6:55
வீட்டுக் கடன் ஆறு மாதம் நிற்காது. நான் இரண்டாம் மாதமே போனேன். விடியுமுன் ஜீப், வீடு திரும்ப மாலையாகும். பத்து மணிக்கே மார்பு கட்டிக் கல்லாகிவிடும். ஏலச்செடி மறைவில் உட்கார்ந்து பீச்சிவிட்டு வருவேன். வீட்டில் பிள்ளை புட்டிக்கு அழும். சீம்பாலைக் கொட்டாதே என்று எனக்கும் சொன்னீர்கள், கொட்டவில்லை. அதன் பிறகு வந்த பாலைத்தான் மண்ணில் கொட்டினேன்

செண்பகம் பெரியம்மா, 7:09
ஐம்பது பெண்கள் வேலை பார்த்தால் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1951 சட்டத்திலேயே இருந்தது

தமிழ்ச்செல்வி மதினி, 7:10
எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டு பேர்

செண்பகம் பெரியம்மா, 7:18
தெரியும். போகும் முன் ஒரு தடவை கொடுத்துவிட்டு, இன்னொரு தடவைக்குப் பீச்சிச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைக்கலாம். வெளியே நான்கு மணி நேரம் தாங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் நாள் தாங்கும். புட்டி வேண்டாம், பாலாடையில் (சங்கில்) புகட்டலாம். முழு நாளுக்கும் போதாது, ஒத்துக்கொள்கிறேன்

முருகேசன் மாமா, 7:25
எங்கள் எஸ்டேட்டில் எடை போடுகிற இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள். பவித்ராவை அங்கே கேட்டுப் பார்க்கிறேன். பிள்ளையோடு எங்கள் வீட்டிலேயே தங்கட்டும்

ஷீபா அத்தை, 7:26
நான் பார்த்துக்கொள்வேன்

பெரிய மாமா, 7:28
பிள்ளை மலையாளம் பேசும்

ஷீபா அத்தை, 7:28
பேசட்டுமே

அம்மா, 7:40
[குரல் செய்தி, 3:05]

பிரபு, 7:46
அம்மாச்சியின் சமரசம்: பதினாறாம் நாள் முருகேசன் மாமா சேனை வைப்பார். சர்க்கரை இல்லை, தேன் இல்லை, தாயின் பாலையே மோதிரத்தில் தொட்டு வைப்பார்

செண்பகம் பெரியம்மா, 7:47
மோதிரம் வேண்டாம். எத்தனை கை பட்ட மோதிரமோ

முருகேசன் மாமா, 7:48
வெந்நீரில் போட்டு எடுக்கலாமே அக்கா

செண்பகம் பெரியம்மா, 7:49
யோசிக்கிறேன்

கார்த்தி அண்ணன், 7:50
பிறந்த நாளை விட்டு எண்ணினால் பதினாறாம் நாள் சனிக்கிழமை வருகிறது. சனிக்கிழமை அம்மாச்சி ஒத்துக்கொள்ளுமா?

பிரபு, 7:52
கேட்கவில்லை. யார் கேட்பது?

பெரிய மாமா, 7:55
முருகேசா, விலையைச் சரியாக விசாரித்துச் சொல். நூறு கிலோ வைத்திருக்கிறேன்