மறு: டிவீட்டரைத் திருப்பி வைப்பதற்கு என்ன சொல்? குறிவைத்தலா, நோக்கா?

வணக்கம்.

காரில் டிவீட்டரை (உச்ச ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) ஒரு பக்கம் பார்க்கத் திருப்பி வைப்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்கும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது கை சும்மா இருக்கவில்லை. இங்கே வந்த 'குறிவைத்தல்', 'இலக்கிடல்', ஐயா ஒருவர் சொன்ன 'திசையமைவு' மூன்றும் எனக்கு ஒட்டவில்லை.

முதல் சிக்கல், இரண்டு வேலைகளை ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்கிறோம். காருக்குள் ஸ்பீக்கரை எங்கே பொருத்துவது என்பது ஒன்று. பொருத்திய பின் அதன் முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது வேறு. முதலாவதற்கு 'அமைவிடம்' போதும், அதில் சண்டை வேண்டாம். இரண்டாவதற்குத்தான் சொல் இல்லை.

இரண்டையும் பிரித்தே ஆக வேண்டுமா என்று இழையில் அக்கா ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம். என் வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து நாடா பிடித்து அளந்தேன். வலது டிவீட்டர் 72 செ.மீ., இடது டிவீட்டர் 121 செ.மீ. வித்தியாசம் 49 செ.மீ., ஒலி மில்லிநொடிக்கு ஏறத்தாழ 34.5 செ.மீ. போகிறது என்று வைத்தால் வலப்பக்கத்து ஒலி 1.4 மில்லிநொடி முந்தி வருகிறது. அதனால் பாடகர் டேஷ்போர்டு நடுவில் நிற்காமல் வலது கதவோரம் ஒண்டிக்கொள்கிறார். இது அமைவிடத்தின் குற்றம். டிஎஸ்பியில் (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) வலதுக்கு 1.4 மில்லிநொடி தாமதம் கொடுத்தால் சரியாகிவிடும் (பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு இன்னும் கெடும், அது அவர் விதி).

முகம் தவறினால் தாமதம் கொடுத்துச் சரிசெய்ய முடியாது. ஒலியின் அலைநீளம் ஸ்பீக்கர் கூம்பின் அகலத்தளவு சுருங்கச் சுருங்க ஒலி பரவாமல் கற்றையாகும். கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கர் 2000 ஹெர்ட்சைத் தாண்டியதும் மெல்ல மெல்ல இப்படி ஆகிவிடுகிறது, அது முழங்காலைப் பார்த்து இருந்தால் அந்தக் கற்றை முழங்காலுக்குத்தான், காதுக்கு மிச்சம்தான். டிவீட்டரை டேஷ்போர்டு மூலையில் மேல்நோக்கி வைத்தால் இன்னொரு வம்பு. நேராக வருகிற ஒலியும் முன்கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற ஒலியும் சிறு இடைவெளியில் காதுக்கு வந்து சில அலைவெண்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அங்கே விழும் பள்ளத்தை ஈக்வலைசரில் (அலைவெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது) தூக்கித் தூக்கிப் பார்த்துச் சலித்தவன் நான். கடையில் முதல்முறை அப்படித்தான் பொருத்திக் கொடுத்தார்கள், "சார், கண்ணாடியில் பட்டு நல்லா விரியும்" என்று வேறு. விரிந்தது, கூடவே காதையும் கிழித்தது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'குறிவைத்தல்' ஏன் ஆகாது என்றால், பெரும்பாலும் நாம் யாரையும் குறிவைப்பதே இல்லை. பக்கத்தில் இருக்கும் டிவீட்டரை முகத்துக்கு நேராகக் காட்டினால் அது மட்டுமே கேட்கும், அதனால் அதைக் கொஞ்சம் விலக்கி இரண்டு தலைச்சாய்மானங்களுக்கும் நடுவில் திருப்புவோம், தள்ளி இருப்பதை ஓட்டுநர் பக்கம் காட்டுவோம். குறி தப்ப வைப்பதைக் குறிவைத்தல் என்பதா? 'திசையமைவு' தவறில்லை, ஆனால் அதில் முகம் இல்லை.

கடைப் பையன்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டீர்களா? "டிவீட்டர் டிரைவரைப் பார்த்து இருக்கட்டுமா, கண்ணாடியைப் பார்த்தா?" வடக்குப் பார்த்த வீடு, தெருவைப் பார்த்த வாசல் என்று சொல்லிப் பழகிய வாய் அது. சொல் ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் அகராதியில் தேடிக்கொண்டிருக்கிறோம். பெயர்ச்சொல்லாக்கும்போது 'பார்வை' கண்ணுக்குப் போய்விடும் என்பதால் 'நோக்கு' என்கிறேன். நேராகக் காதைப் பார்த்தால் நேர்நோக்கு, விலகியிருந்தால் சாய்நோக்கு, அந்த விலகலின் அளவு நோக்குக்கோணம். இடது ஸ்பீக்கர் வலது இருக்கையையும் வலது ஸ்பீக்கர் இடது இருக்கையையும் பார்ப்பதற்கு முதலில் 'எதிர்நோக்கு' என்று எழுதினேன், பிறகு சிரிப்பு வந்தது. அது எதிர்பார்த்துக் காத்திருப்பது. 'குறுக்குநோக்கு' சரியாக வரும்.

'நோக்கம்' என்பதோடு குழம்பாதா என்று யாராவது கேட்பீர்கள். தொலைநோக்கி குழம்பவில்லையே. 'ஒலிபெருக்கி' என்ற சொல்லே ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இத்தனை வருடமாகத் தவிக்கிறது, அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

தொழில் குறிப்பு ஒன்று, சொல்லாமல் விட மனமில்லை. நோக்கு முடிவாகும்வரை ஓட்டை போடாதீர்கள். களிமண் உருண்டையிலோ இரட்டைப்பக்க ஒட்டுநாடாவிலோ டிவீட்டரை நிறுத்தி, ஒரு வாரம் தெரிந்த பாட்டாகப் போட்டுக் கேட்டு, தினமும் கொஞ்சம் திருப்பிப் பார்த்து, அப்புறம் ஃபைபர்கிளாஸில் கிண்ணம் செய்யுங்கள். முன்கண்ணாடியோரத் தூணுக்குள் திரைக் காற்றுப்பை (விபத்தில் பக்கவாட்டில் திரைபோல் விரியும் ஏர்பேக்) இருக்கும் வண்டி என்றால் தூணில் கையே வைக்க வேண்டாம், பக்கக் கண்ணாடிக்கு உட்புறம் கதவு மூலையில் இருக்கும் முக்கோணத்துக்கு மாறுங்கள்.

வினை வடிவம்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 'டிவீட்டரை நோக்கினேன்' என்றால் நான் அதைப் பார்த்ததாகிறது. 'நோக்கமைத்தேன்' நீளம். 'நோக்குவித்தேன்' இலக்கணப்படி சரி, கடையில் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். யாருக்காவது தோன்றுகிறதா?