ஆங்கிலச் செவிமடுத்தல்: கூடிக் கற்பதா, தனித்துக் கேட்டுப் பழகுவதா?

வெள்ளவத்தை ஆசிரியை:
சாதாரண தர ஆங்கிலப் பாடத்தை எழுத்துத் தாள்களைக் கொண்டே மதிப்பிட்டு வந்திருக்கிறோம். அதனால், பதினொரு ஆண்டுகள் படித்த பிள்ளையும் எதிரில் நிற்பவர் இயல்பான வேகத்தில் ஆங்கிலம் பேசினால் திகைத்துப்போகிறது. இதைப் போக்கவே தரம் 10இல் ‘டிக்டோகுளொஸ்’ முறையைக் கையாள்கிறேன். ஒரு சிறு பந்தியை இருமுறை வாசிப்பேன். காதில் விழுந்த முக்கிய சொற்களைக் குறித்துக்கொள்ளும் பிள்ளைகள், நால்வராகக் கூடி அப்பந்தியை மீள எழுதுவார்கள். எல்லா ஆங்கில ஆசிரியர்களும் இதை முயன்று பார்க்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைத் தந்தை:
ஆசிரியை அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். முறையை ஏற்க முடியவில்லை. நாற்பது நிமிடப் பாடவேளையில் மேசைகளை நகர்த்தவே பத்து நிமிடம் போய்விடும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுத, மற்ற மூவரும் பார்த்து எழுதுவார்கள். பேச்சோ தமிழில் நடக்கும். என் மகன் ஐஈஎல்டிஎஸ் (IELTS) என்ற சர்வதேச ஆங்கிலத் தேர்வுக்கு ஆயத்தமாகிறான். அங்கே செவிமடுத்தலுக்கு 40 வினாக்கள், ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும், பக்கத்தில் நண்பன் இருக்க மாட்டான். ஒரு நிமிடப் பதிவைத் தனியே பத்து முறை கேட்பதே காதைப் பழக்கும்.

வெள்ளவத்தை ஆசிரியை:
பத்து முறையும் பிழையாகவே கேட்டால் என்ன செய்வது, ஐயா? ‘ஹீ ஷுட் ஹாவ் கோன்’ (He should have gone) என்பதை விரைந்து சொல்லும்போது ‘ஹாவ்’ தேய்ந்து ‘அவ்’ என்றாகிவிடும். சென்ற வாரம் ஒரு பிள்ளை அதை ‘ஆஃப்’ (of) என்று எழுதியது. இன்னொன்று அச்சொல்லையே விட்டுவிட்டது. மூன்றாவது பிள்ளை இலக்கணத்தை யோசித்து ‘ஹாவ்’ என்று எழுதியது. மூன்று கொப்பிகளும் ஒரே மேசையில் இருந்ததால்தான் எதைத் தவறவிட்டோம் என்பது அவர்களுக்கே தெரிந்தது. அவர்கள் தமிழில் வாதிட்டது எனக்குக் குறையாகப் படவில்லை. வாதம் ஆங்கில ஒலியைப் பற்றியது அல்லவா?

மருதானை வாசகர்:
வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் ஆங்கிலத்தை நாள் முழுவதும் தொலைபேசியில் கேட்பவன் நான். விளங்காத இடத்தைப் பிடித்து, பணிவாகத் திரும்பக் கேட்பதே என் வேலையில் பாதி. அதை ஒலிப்பதிவிடம் பழக முடியாது.

கொட்டாஞ்சேனைத் தந்தை:
பதிவின் எழுத்து வடிவத்தைக் கையில் கொடுத்தால், தனியே கேட்பவரும் பிழையைக் கண்டுகொள்வாரே? ஆயினும் அந்த ‘ஆஃப்’ என்னை யோசிக்க வைக்கிறது. குழுவாகக் கூடுமுன் ஒவ்வொரு பிள்ளையும் தன் பந்தியைத் தனியே எழுதி முடிப்பதானால் ஏற்கலாம்.

வெள்ளவத்தை ஆசிரியை:
அந்த நிபந்தனை நியாயமானது, நாளையே தொடங்குகிறேன். எழுத்து வடிவத்தைக் கடைசியில்தான் கொடுப்பேன். முதலிலேயே கொடுத்தால், கண்ணால் வாசித்ததைக் காதால் கேட்டதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். மேசைகளை நகர்த்துவதும் இல்லை; முன்வாங்கில் இருக்கும் இருவர் பின்னால் திரும்பினால் நால்வர் குழு அமைந்துவிடும்.