ரைடிங் மோயர்: சாவியைத் திருப்பினா ஒரே ஒரு ‘டக்’, செல்ஃப் எடுக்கல

கேரி_வாசி:
வணக்கம். இருக்கிறது நார்த் கரோலினா. உட்கார்ந்து ஓட்டுற புல்வெட்டும் வண்டி, 2006 மாடல், 42 இன்ச் டெக் (பிளேடு சுத்துற அடிப்பகுதி), 17.5 ஹெச்.பி. ஒற்றை சிலிண்டர் ஓஹெச்வி (வால்வு மேல் பக்கம் இருக்கிற) எஞ்சின். குளிர்காலம் முழுக்க ஷெட்ல நின்னுச்சு. இப்போ சாவியைத் திருப்பினா சொலினாய்டுல (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்து விடுற மின்காந்த சுவிட்ச்) ‘டக்’னு ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். பத்து தடவைக்கு ஒரு தடவை எஞ்சின் அரைச் சுற்று சுத்தி நின்னுடுது. புது பேட்டரி போட்டாச்சு, மாற்றமில்லை. ஹெட்லைட் பளிச்சுனு எரியுது.

சீட்டுக்கு அடியில இருக்கிற சேஃப்டி சுவிட்ச்தான் காரணம்னு வீடியோவுல சொன்னாங்க. அதுக்கு ஜம்பர் போட்டும் பார்த்தேன், அதே ‘டக்’. சொலினாய்டு, செல்ஃப் மோட்டார் ரெண்டையும் ஆர்டர் போட்டுடலாமா? மல்டிமீட்டர் கையில இருக்கு.

எர்த்_ஒயர்:
ஆர்டர் போடாதீங்க. மீட்டர் கையில இருக்கும்போது குத்துமதிப்பா பார்ட்ஸ் வாங்கிப் போடுறது வீண் செலவு.

அந்த ‘டக்’ சத்தமே பாதி பதிலைச் சொல்லிடுச்சு. செல்ஃப் எடுக்க ரெண்டு சர்க்யூட் வேலை செய்யணும். ஒண்ணு மெல்லிசு ஒயர்: பேட்டரி பிளஸ், ப்யூஸ் (பெரும்பாலும் 20 ஆம்ப்), சாவி சுவிட்ச், பிளேடு சுவிட்ச், பிரேக் பெடல் சுவிட்ச், அங்கிருந்து சொலினாய்டோட சின்ன டெர்மினல். இன்னொண்ணு தடி கேபிள்: பேட்டரி பிளஸ், சொலினாய்டோட ரெண்டு பெரிய போல்ட், செல்ஃப் மோட்டார், எஞ்சின் பிளாக், சேஸிஸ், திரும்பவும் பேட்டரி மைனஸ். சொலினாய்டு டக்குனு அடிக்குதுன்னா மெல்லிசு ஒயர்ல கரண்ட் வந்து சேர்ந்துடுச்சு. அதனால சாவி சுவிட்ச், சேஃப்டி சுவிட்ச் எதையும் தொட வேண்டாம். சீட் சுவிட்ச் பல வண்டியில ஸ்டார்ட்டிங் சர்க்யூட்லயே இருக்காது. பிளேடு ஓடும்போது ஆள் எழுந்தா எஞ்சினை நிறுத்துறதுதான் அதோட வேலை. நீங்க போட்ட ஜம்பரை முதல்ல எடுத்துடுங்க.

ஹெட்லைட் எரியுறதை வெச்சு ஒரு முடிவுக்கும் வராதீங்க. லைட் இழுக்கிறது சில ஆம்ப். செல்ஃப் மோட்டார் 100 ஆம்ப் பக்கம் இழுக்கும். துருப்பிடிச்ச ஒரு இணைப்புல 0.05 ஓம் இருக்குன்னு வைங்க. 2 ஆம்ப் போனா நஷ்டம் 0.1 வோல்ட், லைட்டுக்கு அது தெரியவே தெரியாது. அதே இடத்துல 100 ஆம்ப் போகணும்னா 5 வோல்ட் அங்கேயே போயிடும். ஓம் மீட்டர் வெச்சு கேபிளைச் சோதிச்சா ‘நல்லா இருக்கு’ன்னு காட்டுறதும் இதனாலதான். லோடு ஏறும்போதுதான் அளக்கணும்.

முதல்ல ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி எஞ்சின் பிளாக்கோட சேர்த்து எர்த் பண்ணிடுங்க, எஞ்சின் பத்திக்காது. பார்க்கிங் பிரேக் போட்டு, பிளேடு ஆஃப்ல இருக்கணும். மீட்டர் 20 வோல்ட் டிசி. ஒருத்தர் சாவியை ஸ்டார்ட்ல பிடிக்கட்டும், ஒரு தடவைக்கு 5 நொடிக்கு மேல வேண்டாம், நடுவுல ஒரு நிமிஷம் விடுங்க.

1. பேட்டரி போஸ்ட் மேலயே, மீட்டரோட ரெண்டு கம்பியும். சும்மா இருக்கும்போது 12.6 இருக்கணும், 12.4 முக்கால் சார்ஜ், 12.0 கால் சார்ஜ்தான். புதுசுன்னாலும் கடையில பல மாசம் உட்கார்ந்த பேட்டரி காலியாத்தான் வரும். சாவி திருப்பும்போது 9.6-க்குக் கீழே இறங்கினா முதல்ல 2 ஆம்ப் சார்ஜர்ல ராத்திரி முழுக்கப் போடுங்க.
2. சிவப்பு பேட்டரி பிளஸ்ல, கருப்பு செல்ஃப் மோட்டார் போல்ட்ல.
3. சொலினாய்டோட ரெண்டு பெரிய போல்ட்டுக்கு நடுவுல.
4. கருப்பு பேட்டரி மைனஸ் போஸ்ட்ல, சிவப்பு பெயிண்ட் இல்லாத சேஸிஸ் இரும்புல.
5. கருப்பு அங்கேயே, சிவப்பு எஞ்சின் பிளாக்ல.
6. செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் அதோட சொந்த உடம்புக்கும் நடுவுல.

பிளஸ் பக்கம் மொத்தமா அரை வோல்ட், சொலினாய்டுக்குள்ள 0.3, எர்த் பக்கம் 0.3. இதுக்கு மேல எங்க வருதோ அங்கதான் கோளாறு. கேபிள் கிளாம்ப் மேல கம்பியை வைக்காதீங்க, ஈய போஸ்ட் மேலயே வைங்க. கிளாம்புக்கும் போஸ்ட்டுக்கும் நடுவுல இருக்கிற வெள்ளைப் பூஞ்சைதான் பல நேரம் குற்றவாளி.

ஸ்பேனர்_பன்னெண்டு:
இவ்வளவு அளவெடுக்கணுமா? நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து சொலினாய்டு பெரிய போல்ட் ரெண்டையும் சேர்த்துத் தொடுங்க. சுத்தினா சொலினாய்டு அவுட், சுத்தலைன்னா மோட்டார் அவுட். முடிஞ்சது.

ஸ்காபரோ_கராஜ்:
உந்த ஸ்க்ரூடிரைவர் வேலையை விட்டிடுங்கோ. அப்பிடித் தொட்டால் பிரேக், பிளேட் எண்ட எல்லாச் சுவிச்சையும் தாண்டித்தான் கரண்ட் போகும். சாவி ஓனில கிடந்து, வண்டி கியரிலயும் கிடந்தால், எஞ்சின் பத்தின உடனே முன்னால நிக்கிற ஆளில ஏறும். பற்றரிக்குப் பக்கத்தில பொறி பறக்கிறதும் நல்லதில்லை, சார்ஜ் ஏறின பற்றரி ஐதரசன் விடும்.

அதோட அந்த முடிவும் பிழை. ‘சுத்தேல்லை எண்டால் மோட்டர்’ எண்டு சொல்லேலாது. எர்த் இல்லாட்டியும் சுத்தாது, எஞ்சின் இறுகினாலும் சுத்தாது.

சொலினொயிட் வாங்கத்தான் வேணும் எண்டு வந்தால் ஒண்டைக் கவனியுங்கோ. சின்ன ரேர்மினல் ஒண்டு இருக்கிறதும் உண்டு, ரெண்டு இருக்கிறதும் உண்டு. ஒண்டு இருக்கிறது தன்ர தகட்டாலதான் எர்த் எடுக்கும். பூட்டுற இடத்தில பெயின்ற் இருந்தால் புதுசும் ‘டக்’ எண்டாது. ரெண்டு இருக்கிறதில ஒண்டுக்குச் சாவிப் பக்கம், மற்றதுக்கு எர்த் வயர். உருவம் ஒரே மாதிரி எண்டு மாறி வாங்கினால் வேலை செய்யாது.

பொனட்டைத் திறந்து வயர்களையும் ஒருக்காப் பாருங்கோ. குளிருக்கு எலி வந்து கூடு கட்டினால் வயரின்ர தோலைக் கடிச்சு வைக்கும். எஞ்சினில இருந்து சாவிச் சுவிச்சுக்குப் போற அந்தத் தனி மெல்லிய வயருக்கு மட்டும் 12 வோல்ற் குடுத்துப் பாக்காதேங்கோ. அது எஞ்சினை நிப்பாட்ட எர்த் பண்ணுற வயர். பற்றரி கரண்ட் போனால் இக்னிஷன் கோயில் எரிஞ்சு போகும்.

கேரி_வாசி:
ரொம்ப நன்றி. ஜம்பரை எடுத்துட்டேன். அளந்தது இது, எல்லாம் சாவி ஸ்டார்ட்ல இருக்கும்போது:

பேட்டரி: சும்மா 12.6, ஸ்டார்ட்ல 12.3
பேட்டரி பிளஸ் – செல்ஃப் போல்ட்: 0.4 (சொலினாய்டுக்கு நடுவுல மட்டும் 0.1)
பேட்டரி மைனஸ் – சேஸிஸ்: 0.1
பேட்டரி மைனஸ் – எஞ்சின் பிளாக்: 8.6
செல்ஃப் போல்ட் – செல்ஃப் உடம்பு: 3.3

சேஸிஸ்ல 0.1, பிளாக்ல 8.6. நான் தப்பா அளந்துட்டேனா?

எர்த்_ஒயர்:
தப்பே இல்லை. 0.4, 3.3, 8.6 மூணையும் கூட்டுங்க, 12.3 வருது. பேட்டரியில இருந்த வோல்ட் பூரா எங்கெங்க போச்சுன்னு கணக்கு தீர்ந்துடுச்சு. மோட்டாருக்குக் கிடைச்சது 3.3 மட்டும், அதுல எந்த செல்ஃபும் சுத்தாது. 12.6 வெறும் 12.3-க்குத்தான் இறங்குச்சுன்னா பேட்டரியில இருந்து பெரிசா கரண்டே போகலைன்னு அர்த்தம். வழி அடைச்சிருக்கு.

அடைப்பு சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல. சேஸிஸ் வரைக்கும் எர்த் நல்லா இருக்கிறதாலதான் சொலினாய்டு அடிக்குது, லைட் எரியுது. அதுக்கு அப்புறம் செல்ஃபோட கரண்ட் எஞ்சினைப் பூட்டியிருக்கிற நாலு போல்ட் வழியாத்தான் போயாகணும். பெயிண்ட் அடிச்ச தகடு, மேல அலுமினிய எஞ்சின், நடுவுல வருஷக்கணக்கா ஈரப்புல். போல்ட் தலைக்கு அடியில துரு ஏறியிருக்கும்.

உறுதிப்படுத்த கார் ஜம்பர் கேபிள்ல கருப்பு ஒண்ணை மட்டும் எடுங்க. ஒரு முனை பேட்டரி மைனஸ்ல, இன்னொரு முனை எஞ்சின் பிளாக்ல ஏதாவது பெயிண்ட் இல்லாத போல்ட்ல. சாவியைத் திருப்புங்க. சுத்தினா வேற கேள்வி இல்லை.

நிரந்தரமா சரி பண்ண எஞ்சினை இறக்க வேண்டாம். 6 கேஜ் கேபிள் ஒண்ணு, ரெண்டு முனையிலும் ரிங் அடிச்சது, தேவையான நீளத்துக்கு. பேட்டரி மைனஸ்ல இருந்து செல்ஃப் மோட்டாரைப் பூட்டியிருக்கிற போல்ட்டுக்கு நேரா இழுங்க. பழைய சேஸிஸ் எர்த்தைக் கழற்ற வேண்டாம், லைட்டுக்கும் சொலினாய்டுக்கும் அது வேணும். ரிங் உட்காரும் இடத்தை எமரி தாள் வெச்சு வெள்ளையா தேய்ச்சு, பல் வாஷர் போட்டு முறுக்குங்க. கிரீஸோ வாஸ்லினோ முறுக்கினதுக்கு அப்புறம் மேல தடவுங்க. பேட்டரி கிளாம்ப்ல பூஞ்சை இருந்தா சமையல் சோடா கரைச்ச தண்ணி போதும். கழற்றும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசி. பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் சேஸிஸ்ல பட்டாலும் அப்போ ஒண்ணும் ஆகாது.

கேரி_வாசி:
ஜம்பர் கேபிள் போட்டதும் சுத்துச்சு! புது கேபிளும் இழுத்தாச்சு. பிளாக்ல இப்போ 0.2, மோட்டாருக்கு 10-க்கு மேல கிடைக்குது. ஆனா ஒரு மிச்சம்: சில சமயம் அரைச் சுற்று வந்ததும் முட்டி நிக்குது, இன்னொரு தடவை திருப்பினா ‘உம்ம்’னு முக்கித் தாண்டிப் போகுது. இதுவும் எர்த்தா?

ஸ்காபரோ_கராஜ்:
இது கரண்ட் இல்லை. வால்வ் இடைவெளி எண்டுதான் படுது. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப்போட்டுச் சுத்திப் பாருங்கோ. அந்த ஓட்டையில இருந்து முகத்தைத் தள்ளி வையுங்கோ. பிளக் இல்லாமல் விர் எண்டு சுத்தினால் மோட்டரும் வயரும் சுகம். ஓட்டையால பெற்றோல் பீச்சி அடிச்சால் காப்ரேற்றர் ஊசி ஒழுகி சிலிண்டர் நிரம்பியிருக்கு. ஒயில் குச்சியிலும் பெற்றோல் மணக்கும், அப்பிடி எண்டால் ஒயிலையும் மாத்த வேணும்.

பெற்றோல் இல்லையெண்டால் வால்வ்தான். உந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில, செல்ஃப் சுத்தேக்கை பாரம் குறையட்டும் எண்டு காம்சாஃப்ற் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) ஒரு வால்வைக் கொஞ்சமாத் தூக்கிப் பிடிக்கும். தூக்குற அளவு மிகச் சின்னன். ரொக்கருக்கும் (வால்வை அமத்துற கை) வால்வுக்கும் இடைவெளி கூடினால் அந்தத் தூக்கலை இடைவெளியே விழுங்கிப்போடும். பிறகு முழுக் கொம்பிரஷனையும் செல்ஃப் தள்ள வேணும், அதுதான் முட்டி நிக்குது. உதைப் பாத்துத்தான் கனபேர் நல்ல மோட்டரை எறியினம்.

எஞ்சின் குளிர்ந்து கிடக்க வேணும். பிளக் வெளியில. ரொக்கர் மூடியைக் கழட்டுங்கோ. பிளக் ஓட்டைக்குள்ள மெல்லிய மரக்குச்சி விட்டு, எஞ்சினைக் கையால சுத்தி, கொம்பிரஷன் அடிப்பில பிஸ்ரன் உச்சிக்கு வந்து கால் இஞ்சி கீழ இறங்கினதும் நிப்பாட்டுங்கோ. சரியா உச்சியில வைச்சு அளந்தால் அந்தத் தூக்கி வால்வைத் தொட்டுக்கொண்டு நிண்டு பிழையான அளவு காட்டலாம். ஃபீலர் கேஜால (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) பாருங்கோ. பிரிக்ஸ் அன்ட் ஸ்ராட்டன் 17.5 இன்ரெக் எண்டால் இன்லெற் 0.003 – 0.005 இஞ்சி, எக்ஸோஸ்ற் 0.005 – 0.007. வேற எஞ்சின் எண்டால் அதின்ர கைநூல் அளவு. பூட்டு நட்டை இறுக்கினாப் பிறகு திரும்ப ஒருக்கா அளவுங்கோ, இறுக்கேக்கை அசையும்.

கேரி_வாசி:
பிளக் இல்லாம விர்ருனு சுத்துச்சு, பெட்ரோல் வரலை. எஞ்சின் மூடியிலயும் இன்டெக்னுதான் போட்டிருக்கு. இன்லெட் 0.011 காட்டுச்சு! 0.004-க்கும், எக்ஸாஸ்ட் 0.006-க்கும் வெச்சேன். இப்போ முட்டாம சுத்துது, மூணாவது சுற்றுலயே பத்திக்குது.

எர்த்_ஒயர்:
எஞ்சின் முழு வேகத்துல ஓடும்போது பேட்டரி போஸ்ட்ல ஒரு அளவு எடுத்துப் போடுங்க. 13.5-ல இருந்து 14.5-க்குள்ள வரணும். 12.5-லயே நின்னா சார்ஜ் ஏறலை. எஞ்சின்ல இருந்து ரெகுலேட்டருக்கு (பேட்டரிக்குப் போற சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துறது) வர்ற சாக்கெட்டைக் கழற்றி, பின் கருகியிருக்கான்னு பாருங்க. ரெகுலேட்டரும் தன்னோட தகடு வழியாத்தான் எர்த் எடுக்குது, அது பூட்டியிருக்கிற இடத்தையும் ஒரு தடவை தேய்ச்சுடுங்க.