சிங்கப்பூரில் எப்போதும் ஒரே கட்சி ஜெயிப்பது எப்படி?

குன்னூர்க்காரன்:
சித்தி பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். 2025 மே தேர்தலிலும் மக்கள் செயல் கட்சிதானாம், 97 இடத்தில் 87. 1959-இலிருந்து அவர்கள் ஆட்சிதான். இங்கே 1989-இலிருந்து 2011 வரை மாற்றி மாற்றித்தானே போட்டோம்? அங்கே என்ன, கள்ள ஓட்டா?

கோத்தகிரி டீத்தூள்:
கள்ள ஓட்டெல்லாம் இல்லை தம்பி. விளையாட்டு எண்ணுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்தத் தேர்தலில் அவர்கள் வாங்கியது 65.57 சதவீத ஓட்டு, கிடைத்தது பத்தில் ஒன்பது இடம். 1988-இல் குழுத்தொகுதி கொண்டுவந்தார்கள். நாலைந்து பேர் ஒரே அணியாக நிற்கணும், அதில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்கணும் (நல்ல காரணம்தான், மறுக்கவில்லை), ஜெயித்த அணிக்கு எல்லா இடமும். 2021-இல் ஊட்டியும் குன்னூரும் திமுக கூட்டணிக்கு, கூடலூர் அதிமுகவுக்கு வந்ததில்லையா, மூன்றையும் ஒன்றாகக் கட்டி ஓட்டை மொத்தமாகக் கூட்டியிருந்தால் கூடலூரும் கை மாறியிருக்கலாம். சின்னக் கட்சி ஒரு தொகுதிக்கே ஐந்து நல்ல ஆளுக்கு எங்கே போகும்?

கூடலூர் மழை:
அண்ணா, அது மட்டும் காரணம் என்றால் நம்மையும் சேர்த்துத்தான் திட்டணும். 2024-இல் தமிழ்நாட்டில் சுமார் 47 சதவீத ஓட்டுக்கு 39-க்கு 39 வரவில்லையா? எனக்கு வீடுதான் பெரிதாகத் தெரிகிறது. அங்கே பெரும்பாலானவர்கள் அரசு கட்டிய அடுக்குமாடியில் இருக்கிறார்கள். 1997 தேர்தலில், எங்களுக்கு ஓட்டுப் போடும் வட்டாரத்துக்குத்தான் கட்டட மேம்பாட்டில் முன்னுரிமை என்று பிரதமர் கோ சோக் டோங் வெளிப்படையாகவே சொன்னார். லிஃப்ட் வேணுமா, எதிர்க்கட்சி வேணுமா என்று கேட்டால் ஜனங்கள் என்ன செய்வார்கள்!

ஊட்டி குளிர்:
வழக்குகளை விட்டுவிட்டீர்களே. 1968 முதல் 1980 வரை நான்கு பொதுத்தேர்தலிலும் எல்லா இடமும் அவர்களுக்கே. 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் அதை உடைத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜெயரத்தினம். அவதூறு வழக்குகளில் நஷ்ட ஈடு கட்ட முடியாமல் திவாலாகி 2001-இல் நாடாளுமன்ற இடமும் போச்சு. அதைப் பார்த்த எந்த வக்கீல், எந்த டாக்டர் துணிந்து எதிர்க்கட்சியில் நிற்பார்?

ஆனால் பயம் மட்டும் என்றும் சொல்ல மாட்டேன். 2011-இல் ஓட்டு 60 சதவீதத்துக்கு இறங்கி, ஒரு குழுத்தொகுதியே அங்குள்ள எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்குப் போனதும் வீடு, வெளிநாட்டு ஆள் வரவு இரண்டிலும் போக்கை மாற்றினார்கள், 2014-இல் முதியவர்களுக்கு மருத்துவச் சலுகை அறிவித்தார்கள். 2015-இல் முதல் பிரதமர் லீ குவான் யூ இறந்த அனுதாபமும் சேர்ந்து ஓட்டு கிட்டத்தட்ட 70. அடி வாங்கினால் உடனே திருந்துகிற கட்சியைத் தோற்கடிப்பது கஷ்டம் தம்பி.

குன்னூர்க்காரன்:
சரி அண்ணா. அந்தக் குழுத்தொகுதி எல்லையை வரைவது யார், சுயேச்சையான ஆணையமா?

கோத்தகிரி டீத்தூள்:
இல்லை, பிரதமர் நியமிக்கும் குழு.