புதுப்பிப்பு: நெடுந்தீவில் நாங்களே சமைத்துத் தங்கிய மூன்று நாட்கள்

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான நெடுந்தீவில் சமையலறையோடு வீடு எடுத்துத் தங்கலாமா, சாமான் எல்லாம் கொழும்பிலிருந்தே கொண்டுபோக வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சரி, போய் வந்துவிட்டோம்.

கொழும்பு வெள்ளவத்தையில் வாங்கி மூட்டை கட்டியதில் பாதி தேவையே இல்லை. அரிசி, பருப்பு, தேங்காய் எல்லாம் யாழ்ப்பாணத்தில் வாங்கலாம். குடிதண்ணீர்தான் முக்கியம். நாங்கள் தங்கிய வளவுக் கிணற்றில் உவர்த்தண்ணீர். அதில் போட்ட தேத்தண்ணியை வாயில் வைக்க முடியவில்லை. முதல் இரவே காஸும் முடிந்தது. வீட்டுக்காரர் வேறு சிலிண்டர் கொண்டுவர மறுநாள் மதியமானது. வாடகை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

ஆனால் விடியக் கரையில் வாங்கிய மீனில் அம்மா வைத்த குழம்பு! அந்த ருசி கொழும்பில் வராது.

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து தீவுக்குப் படகு ஏறக்குறைய ஒரு மணிநேரம். திரும்பும் படகு நேரத்தை முதல் நாளே விசாரியுங்கள். பவளக்கல் மதில்களும் பெருக்க மரமும் (பாவோபாப்) பார்த்தோம். அப்புறம் தீவில் திரியும் காட்டுக் குதிரைகள்: சின்னவள் இன்னும் அவற்றைப் பற்றியே கதைக்கிறாள். போன மாதம் கேட்டபோது தண்ணீர்ப் போத்தல்களை நினைவுபடுத்திய அக்காவுக்கு மிக்க நன்றி.